ஐந்தாம் நம்பர் ரிவெர்ப்

அக்காவின் குரலுக்கு எந்த ரிவெர்ப் போடுவது என்று மூன்று நாளாக எனக்கும் என் காதுக்கும் சண்டை.

ரிவெர்ப் என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பாடுகிறவர் வாயை மூடிய பிறகும் அறை கொஞ்ச நேரம் பாடிக்கொண்டிருக்குமே, அதுதான். குளியலறையில் பாடும்போது நாம் எல்லோரும் பெரிய பாடகர்கள் என்று நினைத்துக்கொள்வது அதன் புண்ணியத்தில்தான். என் தொழில் ஒலிக்கலவை. விளம்பரம், ஒலிப்புத்தகம், குறும்படம் என்று எது வந்தாலும் செய்வேன். வீட்டின் சின்ன அறையில் சுவர் முழுக்கப் பஞ்சுப் பலகை அடித்திருக்கிறேன். அங்கே எதிரொலி மருந்துக்கும் கிடையாது. அதனால் மண்டபமோ கூடமோ வேண்டுமென்றால் அதை மென்பொருளாகத்தான் போடவேண்டும். அதற்குப் பிளகின் என்று பெயர். என்னிடம் பதினொன்று இருக்கின்றன. பதினொன்றும் தேவையா என்று கேட்காதீர்கள். புடவை அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு என் அக்காவிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள், தெரியும்.

அக்கா பள்ளிக்கூடத்தில் புவியியல் ஆசிரியை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்குத் தொண்டையில் ஒரு கட்டி எடுத்தார்கள். சாதாரணக் கட்டிதான் என்று முடிவு வந்ததும் வீடே மூச்சு விட்டது. ஆனால் போன குரல் அதே குரலாகத் திரும்பி வரவில்லை. கொஞ்சம் இறங்கி, ஓரத்தில் ஒரு கீறலோடு வந்தது. வகுப்பில் கழுத்தில் சின்ன மைக்கை மாட்டிக்கொண்டு பாடம் எடுத்தாள். ஆனால் பாட்டை அடியோடு விட்டுவிட்டாள். அதற்கு முன்னால் அவள் எந்த அறையில் இருக்கிறாள் என்று யாரும் தேட வேண்டியதே இல்லை. துணி மடித்தாலும் பாட்டு, சாவியைத் தேடினாலும் பாட்டு. இப்போது அந்த வீட்டில் அவளைக் கூப்பிட்டுத்தான் கண்டுபிடிக்கவேண்டும்.

போன மாதம் ஒரு டைரக்டரம்மா தன் குறும்படத்துக்கு ஒலிக்கலவை செய்ய என்னிடம் வந்திருந்தார். அந்த நேரம் பார்த்து அக்கா என் குடையைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். வாசலில் நின்று, "இது உன்னோடதா, இல்ல வேற யாரோடதா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் பேசினாள். டைரக்டரம்மா நாற்காலியோடு திரும்பி, "இந்தக் குரல் பாடுமா?" என்றார்.

"பாடும்," என்று நான் முந்திக்கொண்டேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் அந்தக் குடையே பற்றிக்கொண்டிருக்கும்.

படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது வரவேண்டிய மூன்று நிமிஷப் பாட்டு. டைரக்டரம்மாவே எழுதியது.

மழை வருமோ வராதோ
துணி எடுக்க மறந்துவிட்டேன்
நீ வருவாயோ மாட்டாயோ
கதவு சாத்த மறந்துவிட்டேன்

பத்து நாள் கெஞ்சிய பிறகு அக்கா வந்து பாடிக் கொடுத்தாள். அதற்கும் ஒரு நிபந்தனை போட்டாள்.

"முதல்ல நான் கேப்பேன். பிடிக்கலைன்னா அழிச்சிடணும். அதுக்கப்புறம் என் முன்னாடி பாட்டுப் பேச்சையே எடுக்கக் கூடாது. சரியா?"

"சரி."

"அந்த எதிரொலி சமாச்சாரத்த நல்லா அள்ளிப் போடு. என் குரல் அதுக்குள்ள எங்கயாவது இருந்துட்டுப் போகட்டும்."

என் அக்காவை எனக்குத் தெரியும். சின்ன வயதில் ஒருமுறை சைக்கிளிலிருந்து விழுந்தாள். இனிமேல் தொடமாட்டேன் என்றாள். இன்றுவரை தொடவில்லை. இந்தப் பாட்டு அவளுக்குப் பிடிக்காமல் போனால் அந்தச் சைக்கிளோடு இதுவும் சேர்ந்துவிடும். எனக்கு அது பயமாக இருந்தது. டைரக்டரம்மா வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். நான் வேறு அக்காவுக்கு எங்கே போவேன்?

ஆகவே கண்ணும் கருத்துமாக ரிவெர்ப் தேடினேன். எனக்கு ஒரு வழக்கம் உண்டு. பிளகின்களுக்கு வெறும் எண்ணைக் கொடுத்து வரிசையைக் கலைத்துவிட்டு, பெயர் தெரியும் இடத்தில் திரையின்மேல் காகிதத்தை ஒட்டிவிடுவேன். பெயரைப் பார்த்துவிட்டால் என் காது எழுந்து நின்று வணக்கம் வைத்துவிடும். அப்புறம் உண்மை பேசாது.

ஒன்றாம் நம்பரில் அக்கா ஒரு பெரிய மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் அப்பால் நின்று யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாம் நம்பரில் தகரக் குழாய்க்குள் மாட்டிக்கொண்டாள். ஏழு ஒரே பளபளப்பு. அதில் கீறல் தெரியவில்லை, அக்காவும் தெரியவில்லை. ஒன்பதாம் நம்பரைக் கேட்டதும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன், அவ்வளவு கோபம். ஐந்துதான் நின்றது. மரத்தரை போட்ட சிறிய கூடம் மாதிரி, அளவான வெதுவெதுப்பு. கீறலின்மேல் மெல்லிய துணி போட்ட மாதிரி இருந்தது.

காகிதத்தைக் கிழித்துப் பார்த்தால், ஐந்தாம் நம்பர் எட்டு வருஷமாக என்னோடு இருக்கிற பழைய பிளகின்தான். அதன் தலையில் மஞ்சள் பட்டையில் 'சோதனைப் பதிப்பு' என்று எழுதியிருந்தது. எனக்கு மூக்குக்கு மேல் வந்தது. நான் முறையாக வாங்கிய சரக்கு, என்னையே யார் நீ என்று கேட்கிறது.

குற்றம் என்மேல்தான். இரண்டு மாதம் முன்பு மடிக்கணினியை மாற்றினேன். பழையதை அத்தானிடம், அதாவது அக்காவின் கணவரிடம், கொடுத்தேன். இந்தப் பிளகின் ஒரு நேரத்தில் ஒரு கணினியில்தான் வேலை செய்யும். கொடுப்பதற்கு முன்னால் பழைய கணினியிலிருந்து லைசென்ஸை விடுவித்திருக்கவேண்டும். மறந்துவிட்டேன். கம்பெனிக்கு எழுதினேன். 'உங்கள் லைசென்ஸ் பழைய கணினியில் பத்திரமாக உள்ளது. அங்கிருந்தே விடுவிக்கவும்' என்று தேன் தடவிய பதில் வந்தது. பத்திரமாக இருக்கிறதாம்!

சோதனைப் பதிப்பு எல்லா வேலையும் செய்யும். ஆனால் மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை நாலைந்து விநாடி வாயை மூடிக்கொள்ளும். இலவசமாக வைத்தே யாரும் வேலையை முடித்துவிடக் கூடாது என்று வைத்த பூட்டு அது. எந்த இடத்தில் மூடும் என்று சொல்ல முடியாது, ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடம். அது எனக்கு நன்றாகவே தெரியும். அக்காவுக்கு மாதிரிதானே அனுப்பப்போகிறோம், சனிக்கிழமை நேரில் போய் லைசென்ஸை மீட்டு, சுத்தமாக மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன்.

இன்னொரு வழக்கமும் எனக்கு உண்டு. எந்தப் பாட்டையும் அனுப்புவதற்கு முன்னால் போனில் போட்டு, சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டுப் பக்கத்தில் நின்று கேட்பேன். தண்ணீர்ச் சத்தத்தை மீறி ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தால் பாஸ். இந்தக் குழாய்ப் பரீட்சையில் தோற்காத பாட்டு வெளியே எங்கேயும் தோற்காது. வெள்ளிக்கிழமை காலை எங்கள் கட்டடத்தில் தொட்டி கழுவினார்கள். குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பதினொரு மணிக்கு அக்காவின் இடைவேளை. ஒரு தடவைதானே என்று கேட்காமலே அனுப்பிவிட்டேன். எட்டு வருஷத்தில் முதல் தடவை.

அவள் கேட்டுவிட்டதற்குப் போனில் அடையாளம் வந்தது. பதில் வரவில்லை. மத்தியானம் இல்லை, சாயங்காலமும் இல்லை. மூன்று முறை கேள்வி எழுதி மூன்று முறையும் அழித்தேன்.

சனிக்கிழமை காலை கணினியைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். சாயங்காலம் நாலு மணிக்குள் டைரக்டரம்மாவுக்குப் பாட்டு போயாகவேண்டும். கதவைத் திறந்தவர் அத்தான். அவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். சனிக்கிழமை கடை கிடையாது.

"வாங்க இன்ஜினியரம்மா," என்றார். "உங்க அக்கா பரீட்சைப் பேப்பர் திருத்திட்டிருக்கா. பக்கத்துல போகாதீங்க, பசங்க வரைஞ்ச நதியெல்லாம் மலைமேல ஏறுதாம்."

அக்கா சாப்பாட்டு மேசையில் வரைபடங்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலையை நிமிர்த்தி, "வா," என்றாள். மறுபடி குனிந்துகொண்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"கேட்டியாக்கா?"

"கேட்டேன். இத முடிச்சிட்டு வரேன். நீ உன் வேலையப் பாரு."

என் பழைய கணினி கூடத்தில் இருந்தது. அத்தான் அதில் எங்கேயோ இருக்கிற முகம் தெரியாத ஆளோடு சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார். அந்த ஒரு காரியத்துக்குத்தான் அது அவருக்கு.

"அத்தான், பத்து நிமிஷம் குடுங்க."

"இப்பவா? ராணிய வெட்டப் போறேன்மா!"

"நாட்டையே பிடிங்க. எனக்கு அதுல ஒரு லைசென்ஸ் இருக்கு. இதுல எதையாவது அழிச்சீங்களா? புதுசா எதாவது ஏத்தினீங்களா?"

"நான் எதையும் தொடலையே. தினமும் ஒரு தடவ கண்ணாடித் துணியால திரையத் துடைப்பேன். அவ்ளோதான்."

அவர் வாயில் சர்க்கரையைப் போடவேண்டும். அப்படியே இருந்தது, என் பழைய குப்பைகூட இடம் மாறவில்லை. ஆனால் லைசென்ஸ் பக்கத்தைத் திறந்தால் கடவுச்சொல் கேட்டது. போட்டேன், தப்பு என்றது. வேறொன்று போட்டேன், அதுவும் தப்பு. இன்னொரு முறை தப்பினால் இருபத்துநாலு மணி நேரம் பூட்டிவிடுவேன் என்று மிரட்டியது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அத்தான் என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "அடியில ஒட்டியிருக்கே, அதுவா பாரு," என்றார்.

கணினியைக் கவிழ்த்தேன். அடிப்பக்கத்தில் என் கையெழுத்தில் ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. நான் ஒட்டியது, எனக்கே மறந்துபோனது.

"உன் கையெழுத்தாச்சே, எதுக்குக் கிழிக்கணும்னு விட்டுட்டேன்," என்றார் அத்தான்.

அந்த மனுஷரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. கடவுச்சொல்லைப் போட்டு 'விடுவி' என்ற பொத்தானை அழுத்தினேன். என் புதிய கணினியில் ஐந்தாம் நம்பரின் மஞ்சள் பட்டை மறைந்தது. இத்தனை நாள் கோபமும் அதோடு இறங்கிவிட்டது. பாட்டை மறுபடி முழுசாக எடுத்தேன். அத்தான் தன் ராணியிடம் போனார்.

அக்கா சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உண்மையச் சொல்லட்டா?"

"சொல்லு."

"முழுக்கப் பிடிக்கல. யாரோ பாடுற மாதிரி இருக்கு. ஆனா ஒரு இடம் இருக்கு பாரு, ரெண்டாவது தடவ 'கதவு சாத்த மறந்துவிட்டேன்'னு வரும்ல, அந்த ஒரு வரி. அத மட்டும் ஒம்போது தடவ கேட்டேன். அந்த இடத்துல நான் பக்கத்துல வந்து உக்காந்து பேசுற மாதிரி இருக்கு. அங்க என்னடி பண்ணினே?"

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அந்த வரிக்கென்று நான் தனியாக எதுவும் செய்யவில்லை. ஆனாலும் பெருமையை விடுவானேன் என்று ஒரு சிரிப்பைச் சிரித்துவிட்டு, "இப்ப இன்னும் சுத்தமா எடுத்திருக்கேன், கேளு," என்று ஹெட்போனை அவள் தலையில் மாட்டிப் புதிய பாட்டைப் போட்டேன். கேட்டாள். அந்த வரி வந்தது, போனது. அவள் முகம் விழுந்தது.

"இது இல்ல."

"அதேதான்க்கா."

"இல்லடி. அந்த இடம் போச்சு."

"என் காதைவிடவா உனக்குத் தெரியும்?" என்றேன். வாய் அப்படி வந்துவிட்டது. அவள் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"எனக்கு உன் தொழில் தெரியாது. ஆனா என் குரல் எனக்குத் தெரியும்," என்றாள் மெதுவாக. "பிடிக்கலைன்னா அழிச்சிடறேன்னு சொல்லியிருக்கே."

வெள்ளிக்கிழமை அனுப்பிய கோப்பைத் திறந்தேன். அதை நானே அப்போதுதான் முதல் முறையாக முழுக்கக் கேட்டேன். முதல் அடி, கூடம், வெதுவெதுப்பு, எல்லாம் சரி. இரண்டாவது தடவை 'நீ வருவாயோ மாட்டாயோ' முடிந்ததும் கூடம் காணாமல் போனது. சுவர் இல்லை, மரத்தரை இல்லை. மேலே போட்டிருந்த மெல்லிய துணியும் இல்லை. 'கதவு சாத்த மறந்துவிட்டேன்' என்று வெறும் குரல் வந்தது, கீறலோடு, வரியின் நடுவில் அவள் இழுத்த மூச்சோடு. வரி முடிந்து அடுத்தது தொடங்கியதும் கூடம் ஒன்றும் தெரியாத மாதிரி திரும்பி வந்து நின்றுகொண்டது.

சோதனைப் பதிப்பு வாயை மூடிக்கொண்ட இடம் அது.

எட்டு வருஷத் தொழிலில் இப்படி அசடு வழிந்ததில்லை. பூட்டு விழுந்த பாட்டைக் கேட்காமல் அனுப்பினேன் என்று வெளியே சொன்னால் என் தொழிலில் இருப்பவர்கள் பத்து வருஷம் வைத்துச் சிரிப்பார்கள். பூசி மெழுகிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அந்த இடத்தில் ஏதோ நுணுக்கம் செய்தேன் என்றால் அவள் நம்பிவிடுவாள். ஆனால் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷத்தில் முதல் முறையாகத் தன் குரலைப் பற்றி ஆசையாக ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். அதற்குப் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"அக்கா, அது என் தப்பு," என்று ஆரம்பித்து லைசென்ஸ், மஞ்சள் பட்டை, தொட்டி கழுவியது, குழாயில் தண்ணீர் வராதது எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்.

"இரு இரு. அந்த வரிக்கு வேற ஏதோ நல்ல ரிவெர்ப் போட்டிருக்கேன்னுல்ல நெனச்சேன். அப்ப அங்க எது போட்டிருந்தே?"

"ஒண்ணும் போடல."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே இல்லக்கா. அது நீ மட்டுந்தான்."

கூடத்தில் அத்தானின் நாற்காலி லேசாகக் கிறீச்சிட்டது. அக்கா ஹெட்போனைத் தானே எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"எல்லாத்தையும் எடுத்துட்டுப் போடு," என்றாள்.

ஐந்தாம் நம்பரை அணைத்துவிட்டு முதலிலிருந்து போட்டேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு மூன்று நிமிஷமும் கேட்டாள். முதல் அடியில் உதட்டைக் கடித்தாள். கீறல் பெரிதாகத் தெரிகிற ஓர் இடத்தில் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று, தழும்பு இருக்கிற இடத்துக்கு. அங்கேயே நின்றது.

"முன்ன மாதிரி இல்ல," என்றாள் முடிந்ததும்.

"இல்ல."

"ஆனா யாரோ மாதிரியும் இல்ல. நான்தான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் சிவப்பு மை பட்ட விரலால் என் கன்னத்தைத் துடைத்தாள். துடைத்தது பாதி, கோடு போட்டது பாதி.

"அழுதது போதும். கடைசி வார்த்தை மட்டும் டக்குனு அறுந்து விழற மாதிரி இருக்கு. அங்க ஏதாவது பண்ணேன். மத்ததத் தொடாத."

அது சரியான யோசனை. பாட்டு முழுக்கக் குரலை வெறுமையாக விட்டுவிட்டு, கடைசி 'மறந்துவிட்டேன்' என்ற சொல்லுக்கு மட்டும் ஐந்தாம் நம்பரைக் கொஞ்சம் திறந்தேன். அவள் வாயை மூடிய பிறகு அந்தச் சிறிய கூடம் இரண்டு விநாடி பேசிவிட்டு அடங்கியது. அவ்வளவு வம்பு வழக்கு நடத்தி மீட்டுக்கொண்டு வந்த லைசென்ஸுக்கு ஒரே ஒரு வார்த்தை வேலை. பதினொன்று எதற்கு என்று இனி நானே என்னைக் கேட்டுக்கொள்ளவேண்டியதுதான்.

"அனுப்பட்டுமா?" என்றேன்.

"அனுப்பு. என் பேரையும் சரியா போடச் சொல்லு," என்றாள் அக்கா.

மூன்றரைக்கு அனுப்பினேன். நாலு மணிக்குள் டைரக்டரம்மாவிடமிருந்து, 'இதைத்தான் கேட்டேன், கிடைக்காது என்று நினைத்தேன்' என்று பதில் வந்தது. அக்கா அதைப் படித்துவிட்டுத் தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். நான் கூடத்தில் ஒயர்களைச் சுற்றிப் பையில் வைக்கத் தொடங்கினேன். உள்ளே குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் பாட்டும் கேட்டது. மழை வருமோ வராதோ. குழாய்ப் பரீட்சை வைக்கிறாள்போல என்று நினைத்துக்கொண்டேன். என் கதையைக் கேட்டதால் வந்த ஆசை. காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். தண்ணீர்ச் சத்தத்தை மீறி ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்தது. பரவாயில்லை, நல்ல வேலைதான் செய்திருக்கிறோம் என்று தொழில் பெருமையோடு அத்தானைப் பார்த்தேன்.

அத்தான் ஒரு குதிரையை நகர்த்தப்போன கையை அப்படியே வைத்துக்கொண்டு, சமையலறைப் பக்கம் தலையைத் திருப்பி உட்கார்ந்திருந்தார். திரையில் அவருக்கான நேரம் விநாடி விநாடியாகக் குறைந்துகொண்டிருந்தது. அப்போதுதான் மேசையைப் பார்த்தேன். அக்காவின் போன் வரைபடங்களின் மேலேயே கிடந்தது. என்னுடையது என் சட்டைப் பையில் இருந்தது.

"அத்தான், உங்க நேரம் போகுது," என்றேன் மெதுவாக.

"போகட்டும்மா," என்றார் அவர். "பேசாம இரு."